குன்னூர் வராந்தாவுக்கு எந்தக் கப்பல் மணி?

குன்னூரில் பழைய பங்களா ஒன்றை வாங்கி, நாலு அறைகளை விருந்தினர் தங்க விட்டிருக்கிறார் என் பெரியப்பா மகன். வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வராந்தா உத்தரத்தில் ஒரு கப்பல் மணி தொங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "நல்லாப் பழசா இருக்கணும்டா, அவ்வளவுதான்" என்றார். விசாரிக்க விசாரிக்க நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. கப்பல் மணி வாங்குகிறவர் அதன் வயதுக்குக் காசு கொடுக்கக் கூடாது, அதில் வெட்டியிருக்கும் பெயருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கடலே கண்ணுக்குத் தெரியாத ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் கப்பல் மணி எதற்கு என்று கேட்கலாம். நீலகிரிக்கு இது ஒன்றும் விநோதமில்லை. பக்கத்தில் வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. கடற்படைக்காரர்கள் வந்து படித்துவிட்டு, ஊர் பிடித்துப்போய், ஓய்வுக்குப் பின் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு வாங்கிவிடுவதும் உண்டு. அவர்கள் வீட்டு வரவேற்பறையில் திசைகாட்டியும் பித்தளை விளக்கும் இருக்கும்போது வாசலில் மணி இருப்பதில் ஆச்சரியம் என்ன? இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மேகம் இறங்கினால் எங்கள் வராந்தாவிலிருந்து கேட் தெரியாது. கப்பலில் மணி வைத்ததன் பாதிக் காரணமும் அதேதான்.

மறு பாதி, நேரம். அரை மணிக் கண்ணாடி ஒன்றில் மணல் கீழே இறங்கி முடியும்போதெல்லாம் அதைத் திருப்பி வைத்து மணி அடித்தார்கள். காவல் முறை ஒன்று நாலு மணி நேரம். முதல் அரை மணிக்கு ஒரு அடி, அடுத்ததற்கு இரண்டு என்று ஏறி, முடிவில் எட்டு அடி. இரண்டிரண்டாகச் சேர்த்து அடிப்பார்கள், காதால் எண்ண வசதியாக. மாலை நாலிலிருந்து எட்டு வரையிலான முறையை மட்டும் இரண்டாக உடைத்து வைத்திருந்தார்கள், ஒரே ஆளுக்குத் தினமும் ஒரே நேரக் காவல் விழாமலிருக்க. இரவு எட்டுக்கு எப்படியும் எட்டு அடிதான். "அப்ப டின்னர் மணி எட்டுக்கு" என்று அண்ணன் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

பனிமூட்ட வேலை இன்றும் சட்டத்தில் இருக்கிறது. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின்படி 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலில் மணி இருந்தாக வேண்டும். நங்கூரம் போட்டு நிற்கும்போது மூட்டம் வந்தால், நிமிடத்துக்கு ஒரு முறையாவது சுமார் ஐந்து விநாடி விடாமல் அடிக்க வேண்டும். மணியின் வாய் குறைந்தது 300 மில்லிமீட்டர் விட்டம். நாக்கின் எடை மணியின் எடையில் 3 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதே ஒலி தரும் வேறு கருவியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கையால் அடிக்க எப்போதும் வழி இருக்க வேண்டும் என்கிறது விதி. இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எதைக் காட்டினாலும் முதலில் எடுக்க வேண்டியது டேப்தான்.

சரி, பெயருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கப்பல் கட்டி முடிக்கும்போது மணியில் கப்பலின் பெயரையும் பெரும்பாலும் ஆண்டையும் பொறிப்பது வழக்கம். பிறகு கப்பல் கைமாறும், பெயர் மாறும், கொடி மாறும். மணியை யாரும் பெரும்பாலும் மாற்றுவதில்லை. மூழ்கினாலும் வெண்கலம் உப்புநீரில் லேசில் அழியாது. அதனால்தான் கடலடியில் கிடக்கும் சிதைவு எந்தக் கப்பலுடையது என்று உறுதி செய்ய முக்குளிப்பவர்கள் முதலில் மணியைத் தேடுகிறார்கள். அமெரிக்கக் கரையோரம் 1717-இல் மூழ்கிய விடா என்ற கொள்ளையர் கப்பல் இதுதான் என்று 1985-இல் உறுதியானது, பெயரும் 1716 என்ற ஆண்டும் வெட்டிய மணி கிடைத்த பிறகுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று நியூசிலாந்தில் இருக்கிறது. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1836 வாக்கில் அந்நாட்டின் வடபகுதியில் வாங்கரே பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் ஒரு உலோகப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்ததைப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தால் அது ஒரு வெண்கல மணியின் மேல்பகுதி. வாய்ப்பக்கம் உடைந்து போயிருந்தது. சுற்றிலும் எழுத்து, நம் தமிழ் எழுத்து. முகையிதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் இருக்கிறது. இப்போது வெலிங்டன் நகரத்துத் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது (எங்கள் மலை வெலிங்டன் இல்லை, அந்த நாட்டின் தலைநகரம்). அந்தக் கப்பல் எந்தத் துறையிலிருந்து கிளம்பியது, அங்கே எப்படிப் போனது என்பதற்கு நிச்சயமான விடை கிடையாது. 13 சென்டிமீட்டர் உயரத்தில் மிஞ்சிய உடைசல்தான் அது. ஒரு வரி பெயர் இருந்ததால் அது வரலாறு ஆனது. அந்த வரி இல்லாவிட்டால் கிழங்கு வேகவைத்த சட்டிதான்.

இனி நம் முன்னால் இருக்கும் வழிகள். நாலு என்று சொல்லலாம், அதில் ஒன்றைச் சீக்கிரமே தள்ளிவிடலாம்.

தள்ள வேண்டியது, பழையது போலச் செய்த புதியது. உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் உத்தராகண்டத்து ரூர்க்கியிலும் பித்தளையில் திசைகாட்டி, தொலைநோக்கி, கப்பல் மணி என்று வகை வகையாகச் செய்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை, வேலைப்பாடும் மோசமில்லை. டைட்டானிக், 1912 என்று பொறித்து, அமிலத்தில் ஊறவைத்துப் பச்சை ஏற்றி, கைமாறிக் கைமாறி மலையேறி வந்து பழம்பொருள் என்ற பெயரில் உட்கார்ந்துகொள்ளும்போதுதான் வம்பு. கடலடியிலிருந்து மேலே வந்த டைட்டானிக் பொருள்கள் நீதிமன்றக் கட்டுப்பாட்டில் இருப்பவை. ஊட்டிக் கடைத்தெருவில் அதன் மணி கிடைக்க வழியே இல்லை. அன்றிரவு பனிப்பாறையைக் கண்ட காவலாளி மூன்று முறை அடித்த அந்த மணிக்கு இதற்குள் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். பல வருஷம் அடிபட்ட மணியில் நாக்குப் படும் இடம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். போலியில் அந்த இடத்திலும் மற்ற இடங்களைப் போலவே ஒரே சீராகக் களிம்பு. பிறகு கயிற்றில் தொங்கவிட்டு அடித்துப் பாருங்கள். நல்ல வெண்கலம் செம்பு 78 பங்கு, தகரம் 22 பங்கு என்ற கணக்கை ஒட்டியிருக்கும், ரீங்காரம் நின்று நிதானமாக அடங்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை அவ்வளவு நேரம் தாங்காது. ஆனால் உண்மையான கப்பல்களிலும் பித்தளை மணி உண்டு, ஆகவே ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

அடுத்தது உண்மையான பழம்பொருள், அதாவது நூறு வயது கடந்த மணி. அண்ணன் மனதில் இருந்தது இதுதான். கொச்சி மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகள் நமக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. காரைக்குடியிலும் கடைகள் உண்டு, ஆனால் அங்கே செட்டிநாட்டு வீட்டுச் சாமான்தான் அதிகம். வெளிநாட்டு ஏலங்களும் இணையத்தில் நடக்கின்றன. இந்த வழியில் கிடைக்கக்கூடிய பெருமை பெரியது, சந்தேகமே இல்லை. லண்டன் லாயிட்ஸ் கட்டடத்தில் தொங்கும் லூட்டின் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1799-இல் டச்சுக் கரையோரம் மூழ்கிய கப்பலிலிருந்து 1858-இல் மீட்டது. கப்பல் தொலைந்த செய்தி வந்தால் ஒரு அடி, பத்திரமாகத் திரும்பினால் இரண்டு அடி என்று காப்பீட்டுக்காரர்களுக்கு அறிவித்த மணி. ஆனால் அதன் மேல் லூட்டின் என்று இருக்காது, செயிண்ட் ஜான், 1779 என்று இருக்கும். ஏன் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசிக் கலங்கடித்த எம்டன் கப்பலின் மணி ஆஸ்திரேலியாவில் கான்பராவின் போர் நினைவகத்துக்குப் போனது. இடையில் திருட்டும் போய், மீண்டு வந்தது. திருடுகிற அளவுக்கு ஆசை வைக்கிறார்கள் மனிதர்கள்.

ஆசை சரிதான், நடைமுறையைப் பார்ப்போம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த இத்தகைய பொருள் தொல்பொருள் ஆகிவிடுகிறது. அதை வியாபாரமாக விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அண்ணன் மகள் கனடாவில் இருக்கிறாள். "எனக்கப்புறம் அவளுக்குத்தான்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வயதான மணியை வாங்கினால் அது குன்னூரிலேயேதான் இருக்கும் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கூலி, சுங்கம் எல்லாம் தனி. கடலடியிலிருந்து எடுத்தது என்று சொல்லி விற்றால் காகிதம் கேளுங்கள். பிரிட்டனில் சிதைவுக் கப்பலிலிருந்து எடுத்த எதையும் அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் அறிவித்தாக வேண்டும். அறிவிக்காமல் எடுத்தது என்றால் வாங்கினவர் தலையில் வந்து விடியும்.

இங்கே மலைக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நீலகிரியில் பழைய மணிக்குப் பஞ்சமில்லை. தேயிலைத் தோட்டத்தில் ஆள் கூப்பிட்ட மஸ்டர் மணி, பள்ளிக்கூட மணி, சிறு தேவாலய மணி, மலை ரயில் நிலையத்து மணி. பங்களாச் சாமான் ஏலத்தில் இவற்றில் எது வந்தாலும் கப்பல் மணி என்று சொன்னால் ரெண்டு மடங்கு விலை போகும் என்பது தரகர்களுக்குத் தெரியும். எனக்கு ஒருவர் காட்டிய மணி உண்மையிலேயே பழையதுதான், அழகானதும்கூட. ஆனால் எழுத்து ஒன்றுமில்லை. கேட்டால் "தேய்ஞ்சு போயிருக்கும் சார்" என்றார். வெட்டிய எழுத்து தேய்ந்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் தடம் தெரியும். இதில் தடமும் இல்லை. பெயர் இல்லாத மணியைக் கப்பல் மணி என்று நம்புவதற்கு விற்பவர் சொல்லைத் தவிர ஒரு காரணமும் இல்லை. மஸ்டர் மணி என்று சொல்லியே விற்றிருந்தால் நான் அதையே சிபாரிசு செய்திருப்பேன், அந்த வராந்தாவுக்கு அதுவும் பொருத்தமான வரலாறுதான்.

மூன்றாவது, குஜராத்தின் அலங். பாவ்நகர் மாவட்டத்தில், காம்பே வளைகுடாக் கரையில், 1983-இலிருந்து கப்பல் உடைக்கிறார்கள். அங்கே ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வித்தியாசம் மிக அதிகம். பெரிய ஓதத்தில் கப்பலை முழு வேகத்தில் மணலுக்கே ஓட்டி ஏற்றிவிட்டால், நீர் வடிந்ததும் தரையில் நிற்கும், ஆள் இறங்கி வெட்டலாம். விராட் என்ற நம் விமானந்தாங்கிக் கப்பலும் 2020-இல் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. உள்ளேயிருந்து கழற்றிய கட்டில், சமையலறை, கதவு, உயிர்காப்புப் படகு எல்லாம் கரையை ஒட்டிய சாலையோரக் கடைகளில் வரிசையாகக் கிடக்கும். முன்னே சொன்ன விதி இருக்கிறதே, அதன் புண்ணியத்தில் உடைபடும் பெரிய கப்பல்களோடு மணியும் வந்து சேரும்.

இவை முப்பது, நாற்பது வயது மணிகள். அருங்காட்சியகம் திரும்பிப் பார்க்காது. ஆனால் பெயர் இருக்கும். அதில்தான் எனக்கு ருசி தட்டியது. உடைக்கப் போகும் கடைசிப் பயணத்தில் பல கப்பல்களுக்குப் பெயரை மாற்றிவிடுகிறார்கள், கொடியையும் மாற்றுகிறார்கள். முகப்பில் பழைய பெயரில் நாலு எழுத்தைப் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டு மிச்சத்தையே புதுப் பெயராக வைத்து ஓட்டுவதுகூட உண்டு. மணியை யாரும் தொடுவதில்லை, அதில் பிறந்த பெயர் அப்படியே இருக்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1987-இல் கொண்டுவந்த ஏழு இலக்க எண் கப்பல் பிறந்ததிலிருந்து உடைபடும் வரை மாறாது. பெயரையும் ஆண்டையும் வைத்து அந்த எண்ணைப் பிடித்துவிட்டால், எந்தத் தளத்தில் கட்டினார்கள், யார் யார் கைக்குப் போனது, என்னென்ன பெயர் வைத்தார்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். இன்னும் பழைய கப்பல் என்றால் கப்பல்களைப் பட்டியலிட்ட லாயிட்ஸ் பதிவேடுகள் இருக்கின்றன, பெரும்பகுதி இணையத்திலேயே படிக்கக் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன்னால், மணியின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, இந்த வேலையை முடித்துவிடுங்கள். பதிவேட்டில் இல்லாத பெயர் என்றால் விட்டுவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. அலங் நமக்குத் தூரம், நேரில் போகாமல் ஆளை நம்பி வாங்க வேண்டும். கடைக்காரர்கள் பளபளப்புக்கு மெருகுச் சக்கரத்தில் கொடுத்துவிடுவார்கள், எழுத்தின் கூர் மழுங்கும். "மெருகு போட வேண்டாம், அப்படியே அனுப்புங்க" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். ரூர்க்கிச் சரக்கும் அந்தக் கடைகளுக்குள் நுழைந்துவிடும் என்பதால் உள்பக்கத் தேய்மானத்தின் படமும் கேளுங்கள். நாக்கு இல்லாமலே வரக்கூடும், அது பெரிய விஷயமில்லை. 300 மில்லிமீட்டர் மணி ஏறத்தாழ 15 கிலோ வரும், அதற்கு அரைக் கிலோ நாக்கு போதும், உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்துவிடலாம்.

நாலாவது வழி, கும்பகோணத்தில் புதிதாக வார்ப்பது. கோயில் மணி வார்த்துப் பழகிய கைகள், வெண்கலக் கலவை அவர்களுக்குக் கைவந்த கணக்கு. எடைக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசலாம். ஒலியில் நாலு வழிகளிலும் இதுதான் முதல் என்பது என் கணிப்பு, கப்பல் மணிகள் சங்கீதத்துக்காகச் செய்தவை இல்லையே. தகரம் கூடினால் நாதம் கூடும், கூடவே உலோகம் நொறுங்குவதாகவும் ஆகும். கீழே போட்டால் விரிசல் விழும், விரிசல் விழுந்த மணி டொக்கென்றுதான் கேட்கும். வாய் அகலமும் விளிம்பு விரிவும் வரைந்து கொடுக்காவிட்டால் கோயில் மணி வடிவத்திலேயே வந்துவிடும், அதையும் கவனியுங்கள். கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், மூட்டத்தில் விருந்தினரைக் கூப்பிட ஒரு நல்ல மணி மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அலங்குக்கோ மட்டாஞ்சேரிக்கோ அலைய வேண்டியதில்லை.

அண்ணனுக்கு அப்படி இல்லை. வாழ்க்கையின் பாதியைக் கடலில் கழித்தவர், அவர் காலத்தில் ஓடிய கப்பல்கள்தான் இன்று அலங்கில் உடைபடுகின்றன. தாம் வேலை பார்த்த கம்பெனியின் கப்பல் ஒன்று, அல்லது அதே தளத்தில் கட்டிய சகோதரக் கப்பல் ஒன்று சிக்கக்கூடும். நூறு வயது மணியில் அவருக்கு இருக்கும் உறவை விட இதில் இருக்கும் உறவு பெரிது. கடற்படைக்கும் இந்தக் கணக்கு தெரியும். பழைய விக்ராந்தை உடைத்துவிட்டாலும் அதன் மணியை வைத்திருந்து புதிய விக்ராந்துக்குக் கொடுத்தார்கள். என் ஓட்டு அலங்குக்கு. கனடாவுக்கு அனுப்பும் பேச்சுக்கும் அதில் தடையில்லை.

அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "நூறு வருஷத்துக்கு முந்தினதுல ஒரு கம்பீரம் இருக்குடா" என்கிறார். நான் ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். பெயரும் ஆண்டும் உள்ள, பதிவேட்டில் சரிபார்த்த, உரிமம் உள்ள ஆளிடமிருந்து ரசீதோடு வரும் பழைய மணி கண்ணில் பட்டால், வாங்கிக்கொள்ளட்டும். உள்ளே எட்டிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். பிரிட்டிஷ் கடற்படையில் கப்பலிலேயே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது மணியைக் கவிழ்த்து அதில் நீர் ஊற்றிப் பயன்படுத்துவார்கள், குழந்தையின் பெயரை உட்புறத்தில் பொறிப்பார்கள். அப்படி ஒரு மணி கிடைத்தால் நானே கையில் இருப்பதைப் போட்டுத் தருகிறேன்.

எது வந்தாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. குத்துவிளக்குக்குச் சரி, எழுத்துக் குழியில் நிரப்பிய கறுப்பு போய்விடும், மேல்தோலின் பழுப்பும் போய்விடும். மழைக்காலத்தில் குன்னூர் ஈரத்துக்குக் கொஞ்சம் களிம்பு கட்டும், கடற்கரையின் உப்புக்காற்று இங்கே இல்லாததால் மெதுவாகத்தான் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். உத்தரம் பழைய மரமாக இருந்தால் திருகாணியை நம்பாமல் ஊடே துளைத்துப் போல்ட் போடுங்கள். ராத்திரியில் கயிற்றைச் சுருட்டி மேலே மாட்டிவிடுவது நல்லது. விருந்தினர் வீட்டுக் குழந்தைகள் ஒரு காரணம், கேட்டுக்கு வெளியே மேயும் காட்டெருமைகள் இன்னொரு காரணம்.

கும்பகோணத்தில் வார்க்கப் போகிறவர்கள் அதில் உங்கள் வீட்டுப் பெயரையும் வார்த்த ஆண்டையும் வெட்டச் சொல்லுங்கள். அழகுக்கென்று எந்தக் கப்பலின் பெயரையும் போட்டுவிடாதீர்கள். ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒரு தரகர் அதை ஊட்டியில் உண்மையான கப்பல் மணி என்று விற்றுக்கொண்டிருப்பார்.